எந்த அழுக்குக்குப் புளி, எந்த அழுக்குக்குச் சோடா

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்போம். எண்ணெய்ச் சிக்கேறிய வேட்டியை அந்தக் காலத்து வண்ணார் உவர்மண் கரைத்த நீரில் நனைத்து வெள்ளாவி வைத்தார். வேட்டியைப் புளியிலும் விளக்கை உவர்மண்ணிலும் யாரும் போட்டதில்லை. இப்போது கைப்பேசியில் சுற்றிவரும் குறிப்புகளோ வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றி, நுரை பொங்குவதைக் காட்டி, இதுதான் இயற்கைச் சுத்தம் என்கின்றன. அந்த நுரை வெறும் கரியமில வாயு. பொங்கி அடங்கியபின் கிண்ணத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். புளிப்பும் போயிற்று, உவராகிய காரத்தன்மையும் போயிற்று.

ஆகவே இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புளிப்புப் பக்கம் வினிகர், எலுமிச்சை, புளி, சிட்ரிக் அமிலத் தூள். களிம்பு, துரு, கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, கழிப்பறைக் கோப்பையின் மஞ்சள் கறை ஆகியவை இவற்றுக்குக் கரையும். உவர்ப் பக்கம் ஆப்ப சோடா, அதைவிடப் பலமடங்கு காரமான சலவை சோடா. எண்ணெய், பிசுக்கு, வியர்வை நாற்றம் இவற்றுக்கு அடங்கும். ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் பார்க்க ஒன்றுபோல் வெள்ளைத் தூள். வேறு வேறு டப்பாவில் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பணிப்பெண்ணோ பாட்டியோ அவசரத்தில் ஆப்ப மாவில் சலவை சோடாவைப் போட்டுவிடக்கூடாது.

சிங்கப்பூரில் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஈரம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் இங்கே 80 விழுக்காட்டுக்கு மேல். சுத்தம் செய்த இடத்தை உலர்த்தாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மறுநாள் நாற்றமும் நான்காம் நாள் பூஞ்சையும் அங்கிருந்தே கிளம்பும்.

சமையலறைப் பிசுக்கு

தாளிக்கும் வீட்டில் பிசுக்கு இல்லாமல் இருக்காது. எண்ணெய் ஆவி சுவரில் படிந்த அன்றைக்கே துடைத்தால் வெந்நீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். ஒரு மாதம் விட்டால் அது காற்றோடு கலந்து இறுகி, மஞ்சள் கோந்துபோல் ஆகிவிடும். அப்போது அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, துணியை நனைத்துச் சுவரில் ஒட்டினாற்போல் பத்து நிமிடம் விடுங்கள். தேய்க்கவே வேண்டாம், வழித்தால் வந்துவிடும். கையுறை கட்டாயம், ஏனென்றால் அது தோலில் இருக்கும் எண்ணெயையும் சேர்த்தே எடுத்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சியின் வலை பல வீடுகளில் அலுமினியம். சலவை சோடா அலுமினியத்தைத் தின்னும். வலை கறுத்துப் பொடிப்பொடியாகும், பிறகு பழைய நிறம் வராது. அலுமினிய வடைச்சட்டிக்கும் இட்லித் தட்டுக்கும் இதேதான். அவற்றுக்குச் சூடான தண்ணீரும் பாத்திரச் சோப்பும் அரை மணி நேர ஊறலும் போதுமானவை.

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மேடையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். ஒரு கைப்பிடி அரிசி மாவோ கடலை மாவோ தூவி ஐந்து நிமிடம் விட்டு, அட்டையால் வழித்து எறியுங்கள். மிச்ச எண்ணெய் ஆறியபின் பழைய நாளிதழில் உறிஞ்சவிட்டுப் பையில் கட்டிப் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் குளிர்ந்து கட்டியாகும். சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி அடைத்துக்கொண்ட தொட்டிக்குச் சோடா ஊற்றி வினிகர் ஊற்றும் வித்தை உதவாது. நுரை மேலே வரும், அடைப்பு கீழே கிடக்கும். செய்ய வேண்டியது இதுதான். தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியைத் திறந்தால், குழாய் நடுவில் சொம்பு போல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தொங்கும். அடியில் வாளி வையுங்கள். கிண்ணத்தைக் கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். கறுப்புக் கூழ் வாளியில் விழும், நாற்றம் தூக்கும். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கூழோடு சேர்ந்து போய்விடாமல் முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய பல்துலக்கியில் ஆப்ப சோடாவைத் தொட்டுக் கிண்ணத்தையும் மேலே தெரியும் குழாய் வாயையும் தேய்த்துக் கழுவி, வாஷரை மடங்காமல் தட்டையாக அமர்த்தி, கை பலம் மட்டும் கொடுத்து மூடுங்கள். இடுக்கி போட்டு இறுக்கினால் திருகு மறை சிதையும். ஒரு நிமிடம் தண்ணீர் திறந்துவிட்டு, காய்ந்த மெல்லிழைத்தாளை மறையைச் சுற்றித் தடவிப் பாருங்கள். தாள் நனைந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் அந்தக் குழாய் அடைக்காது. கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். பிளாஸ்டிக் குழாயின் இணைப்புகள் தளர்ந்துவிடும். கை பொறுக்காத அளவுச் சூடு போதும்.

மைக்ரோவேவ் அடுப்புக்கு ஓர் எலுமிச்சையை நறுக்கி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு மூன்று நிமிடம் சூடாக்கி, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். குவளைக்குள் ஒரு மரக்கரண்டி இருக்கட்டும், இல்லையென்றால் அதிசூடான தண்ணீர் எடுக்கும்போது திடீரெனப் பொங்கிக் கையைச் சுடலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் குட்டி எலுமிச்சையான கலமான்சி இதற்கு நன்றாகவே வேலை செய்யும்.

மஞ்சள் கறை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் பாழாகும் பள்ளிச் சட்டை இதனால்தான் பாழாகிறது. சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டவுடன் கறை செக்கச் சிவப்பாகும். பயந்துபோய் இன்னும் சோப்பு, இன்னும் தேய்ப்பு. மஞ்சளில் உள்ள குர்குமின் உவர் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பது இதே காரணத்தால்தான். நிறம் மாறியதால் கறை போகவும் இல்லை, கெட்டியாகவும் இல்லை.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பார்க் கறையில் எண்ணெயும் இருக்கிறது. ஆகவே முதலில் பாத்திரச் சோப்பை நேரடியாகத் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசுங்கள். மங்கலாக மஞ்சள் மிஞ்சும். அதை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினை ஒளி உடைத்துவிடும். துணியை ஈரத்தோடு, கறை வெளிப்பக்கம் தெரியும்படி மூங்கில் கழியில் போடுங்கள். நேரடி வெயில் விழும் வீட்டில் ஒரு மதியம் போதும். பக்கத்துப் புளோக்கு மறைக்கும் வீட்டில் இரண்டு மூன்று நாள் ஆகலாம், அதுவரை துணியை மறுபடி மறுபடி நனைத்துக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் உணவு டப்பாவுக்கும் வழி இதுவே: சமையல் எண்ணெய் சில சொட்டு தடவித் துடைத்து, சோப்பில் கழுவி, திறந்தபடி ஜன்னலோரம் வெயிலில்.

டப்பாவைப் பற்றிப் பேசும்போது தண்ணீர்ப் புட்டியையும் சொல்லிவிடலாம். எவ்வளவு கழுவியும் நாறும் புட்டியில் குற்றவாளி மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் வளையம். மழுங்கிய கத்தியால் அதை நெம்பி எடுத்தால் அடியில் கறுப்பு வரி தெரியும். ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்த சுடுநீரில் வளையத்தை இருபது நிமிடம் போட்டுத் தேய்த்து, இரவு முழுவதும் தனியாகக் காயவிட்டுக் காலையில் பொருத்துங்கள். உடனே பொருத்தினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

பூசை அறை

பித்தளை விளக்கில் எண்ணெய் இருக்கும்போதே புளியைப் போட்டால் புளி எண்ணெய் மேல் வழுக்கும். முதலில் சீயக்காய்த் தூளோ அரிசி மாவோ போட்டு எண்ணெயை எடுங்கள். பிறகு சிறிய எலுமிச்சை அளவு பழம்புளியை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்து அந்தச் சக்கையாலேயே தேயுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பளிச்சென்று வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். புளியில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே தங்கி, விளக்கு இளஞ்சிவப்புத் திட்டாகும்.

கழுவியபின் கொஞ்சம் விபூதியைத் தொட்டு ஒரு சுற்றுத் தேய்க்கும் நம் வழக்கம் வெறும் பளபளப்புக்கு மட்டுமில்லை, மிஞ்சிய புளிப்பை முறிக்கவும் செய்கிறது. உடனே காய்ந்த துணியால் துடைத்து, திருகுகளைக் கழற்றித் தனித்தனியே காற்றாட வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் நனைந்தபடி விட்ட விளக்கு விரைவிலேயே கறுக்கும். வெள்ளிக்குப் புளி வேண்டாம். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன்மேல் படும்படி வைத்து, அரை லிட்டர் வெந்நீரும் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஊற்றினால், கறுப்பு ஐந்து நிமிடத்தில் தாளுக்குப் போய்விடும். கல் பதித்ததையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாட்டையும் இதில் போடக்கூடாது.

தரை

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், கற்சில்லுகளைச் சிமென்டில் பதித்துத் தீட்டிய டெரசோ தரை இருக்கும், சில வீடுகளில் சலவைக்கல். இரண்டிலும் சுண்ணாம்புக்கல் உண்டு, வினிகர் பட்டால் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கிப்போகும், திரும்பத் தீட்டினால்தான் சரியாகும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்ட் வரியையும் புளிப்பு மெல்ல அரிக்கும். உண்மையில் தரைக்கு வினிகர் தேவையே இல்லை. ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரச் சோப்பு, அதற்கு மேல் வேண்டாம். தரை பிசுபிசுக்கிறது என்று இன்னும் சோப்பு ஊற்றுவோம். பிசுபிசுப்பே காயாத சோப்புத்தான். இரண்டு வாளி வைத்து, ஒன்றில் அலசி மற்றொன்றில் நனைத்துத் துடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பழத்தோல், நாட்டுச்சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் மூன்று மாதம் புளிக்கவைக்கும் ‘என்சைம்’ கரைசலைப் பலர் தரைக்கு ஊற்றுகிறார்கள். 1 பங்கு சர்க்கரை, 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர் என்பது வழக்கமான அளவு. கிடைப்பது ஒரு மெல்லிய புளிப்புக் கரைசல், அவ்வளவே. சர்க்கரை முழுதும் புளிக்காமல் நின்றால் எறும்பு வரிசை கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தாவிட்டால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும், கண்ணாடிப் புட்டி என்றால் ஆபத்து. ஆரஞ்சுத் தோலை வினிகரில் இரண்டு வாரம் ஊறவைத்து வடிகட்டினால் அதைவிட உறுதியான புளிப்பு, நல்ல மணத்தோடு கிடைக்கும்.

காட்டுத்தீப் புகைமூட்டக் காலத்தில் துடைப்பத்தைத் தள்ளி வையுங்கள். நுண்சாம்பல் பெருக்கப் பெருக்க எழும்பி மூச்சில் போகும். ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பதே சரி.

துணி, அலமாரி, பட்டு

பூந்திக்கொட்டை லிட்டில் இந்தியாவில் கிடைக்கும். கொட்டையைப் பையில் கட்டிச் சலவை இயந்திரத்தில் போடுவதால் பெரிதாகப் பயனில்லை, குளிர்ந்த நீரில் அது நுரையை விடாது. கொட்டை நீக்கிய 100 கிராம் தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும், பிறகு புளித்துவிடும். அழுக்கு குறைந்த நிறத்துணிக்கும் மென்மையான பருத்திப் புடவைக்கும் அருமையானது. வெள்ளைச் சீருடைக்கு வேண்டாம், நாளடைவில் பழுப்பேறும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

காய்ந்தபின்னும் துணி நாறினால் சோப்பு போதவில்லை என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நெருக்கமாகத் தொங்கி நாள் முழுதும் ஈரமாகவே இருந்த துணியில் கிருமி பெருகியிருக்கிறது. துணிகளுக்கு இடையே ஒரு கையளவு இடைவெளி விட்டு மின்விசிறியைத் திருப்பி வைப்பது எந்த வாசனைத் திரவத்தையும்விடப் பலன் தரும். ஏற்கெனவே நாறும் துண்டுகளை 60 டிகிரி வெந்நீரில் ஒருமுறை துவையுங்கள். படுக்கை விரிப்புக்கும் அந்தச் சூடு வேண்டும். இங்குள்ள ஆஸ்துமா, தோல் அரிப்புப் பிள்ளைகளைப் படுத்தும் தூசிப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும். மெத்தையில் ஆப்ப சோடா தூவினால் நாற்றம் குறையும், பூச்சி சாகாது.

அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். காய்ந்த வேப்பிலையும் கிராம்பும் பூச்சியை ஓரளவு தள்ளி நிறுத்தும், பூஞ்சையைத் தடுக்காது. ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் அதன் அடியில் ஒரு தட்டு வையுங்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு; அதில் சேரும் நீர் கவிழ்ந்தால் பட்டு பாழ்.

பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். பல உருண்டைகளில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இந்தக் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்படுகிறது. அந்த முடிவு உங்கள் பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வரும் அடுத்த வீட்டுக் குழந்தையின் முடிவு உங்களுக்குத் தெரியாது.

குளியலறையும் கொசுவும்

ஓட்டுச் சுவரில் பூஞ்சை இருந்தால் மருந்துக் கடையில் விற்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்துப் பத்து நிமிடம் கழித்துத் தேய்க்கலாம், அல்லது தண்ணீர் கலக்காத வினிகரைத் தெளித்து ஒரு மணி நேரம் விடலாம். இரண்டையும் ஒரே புட்டியில் சேர்க்கக்கூடாது, கண்ணையும் தோலையும் அரிக்கும் அமிலம் உண்டாகும். சிலிக்கான் பூச்சுக்குள் ஊடுருவிய கறுப்பு எதற்கும் போகாது, வெட்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதுதான். கழிப்பறைக் கோப்பைக்கு இரவில் மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். அதற்கு முன் ப்ளீச் ஊற்றியிருந்தால் இரண்டு முறை நீர் அடித்துவிட்டுப் போடுங்கள். ப்ளீச்சும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஜன்னல் சிறிய நம் குளியலறைகளில் அது மூச்சை அடைக்கும்.

அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் சாக்கடை நாற்றமும் கரப்பானும் வந்தால், தரை வடிகாலில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் ஊற்றுங்கள்.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை விளிம்பின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; விளிம்பை நாரால் தேய்க்க வேண்டும். துணிக்கழி செருகும் வெளிக்குழாய்களில் மழைநீர் தேங்கும், கழி இல்லாத நேரம் மூடி போடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

பாலர் பள்ளியிலிருந்து கை, கால், வாய் நோய் வீட்டுக்கு வந்துவிட்டால் வினிகரையும் எலுமிச்சையையும் ஒதுக்கி வையுங்கள். அந்த வைரஸ் அவற்றுக்கு அடங்காது, கையில் தடவும் மதுசாரத்துக்கும் எளிதில் அடங்காது. 5 விழுக்காட்டு ப்ளீச்சில் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பொம்மை, கதவுக் கைப்பிடி, மேசை இவற்றைத் துடைத்துப் பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு வெறும் நீரில் துடைக்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்.

துடைக்கும் துணி பற்றியும் ஒரு வார்த்தை. நைந்த பருத்தி வேட்டியை முப்பது சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் இருபதுக்கு மேல் தேறும். சமையலறைக்கு ஒரு நிற நூலால் ஓரம் தைத்து, குளியலறைக்கு வேறு நிறம். வாரம் ஒருமுறை, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அலசி, கழியின் வெயில் படும் முனையில் விரித்துப் போடுங்கள். மடித்துப் போட்டால் நடுவில் ஈரம் நிற்கும்.